இரண்டு தெரு தள்ளி

முப்பத்தாறு வருஷம் கார் கதவு மாட்டினவன் நான். டூரினில் எங்கள் பக்கம் ஆலை என்றால் ஒரே ஆலைதான், பெயர் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியின் தெற்குக் கோடி கலாப்ரியாவிலிருந்து ரயிலேறி வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு அட்டைப்பெட்டியும் பசியும்தான் இருந்தன. அந்த ஆலைதான் சோறு போட்டது. குடியிருக்க வீடு கொடுத்தது, கோடையில் பிள்ளையைக் கடற்கரை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனது. அதனால் எங்கள் குடியிருப்பில் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. முற்றத்தில் நம் கார் மட்டும்தான் நிற்கும். விருந்தாளி வேற்றுக் கம்பெனிக் காரில் வந்தாலும் மாடியிலிருந்து சீழ்க்கை பறக்கும். நானும் அடித்திருக்கிறேன், இரண்டு விரலை வாயில் வைத்து, வெட்கமில்லாமல்.

என் ஒரே மகன் நேவியோவும் அதே ஆலைக்குத்தான் போனான். அவன் போன நேரம் கெட்ட நேரம். செய்கிற வேலையெல்லாம் போலந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மாதத்தில் ஒரு வாரம் வேலை, மூன்று வாரம் வீடு. பிறகு அந்த ஒரு வாரமும் நின்றது. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் சேர்ந்தான். ஊர் ஊராக அலைகிற வேலை. அதற்காக ஒரு பழைய கார் வாங்கினான். பிரெஞ்சுக் கார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு, மனைவி காத்யாவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அந்தக் காரில் முற்றத்துக்குள் வந்தான். முதல் சீழ்க்கை மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. பிரிமோ. இருபது வருஷம் என் பக்கத்தில் நின்று கதவு மாட்டினவன்.

"நாத்தோ, பாரிஸ்ல இருந்து சம்பந்தி வீட்டுக்காரங்களா? காபி போதுமா, ஷாம்பெய்ன் வாங்கியாரவா?"

நாலு பால்கனியும் சிரித்தது. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. கொடியில் காய்ந்த போர்வையை உருவிக்கொண்டு இறங்கி, அந்தக் காரின் மேல் போர்த்தினேன்.

"ஐயோ, அது இப்பதான் துவைச்சுப் போட்டது" என்றாள் என் மனைவி எர்சிலியா, ஜன்னலிலிருந்து.

நேவியோ குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். "அப்பா, என்ன பண்றீங்க?"

"அடுத்த வாட்டி இந்தச் சனியனை ரெண்டு தெரு தள்ளி விட்டுட்டு நடந்து வா."

"இதை வச்சுத்தான் நான் பொழைக்கிறேன். உங்க கம்பெனி என்னை வேணாம்னப்ப இதுதான் என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போச்சு."

"உங்க கம்பெனியா? அது போட்ட சோத்தைத் தின்னுதான்டா வளந்தே."

"தின்னேன். இல்லேன்னு சொல்லலையே. இப்ப போட மாட்டேங்குறாங்க, நான் என்ன செய்ய?"

"நடந்து வர்றதா இருந்தா வா. இல்லேன்னா வராதே."

அவன் போர்வையை எடுத்தான், நாலாக மடித்தான், அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான், போய்விட்டான். நான் மேலே வந்து பாஸ்தாவைத் தனியாகத் தின்றேன். அதுவும் இரண்டு தட்டு.

அதன்பின் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் எர்சிலியா ஒரு பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்புவாள். தங்கச்சி வீட்டுக்காம். ஒருநாள் பின்னாலேயே போனேன். இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை முனையில் அந்தக் கார் நின்றது. உள்ளே அவளும் மகனும் மருமகளும் அடைத்த கத்தரிக்காயைக் கையாலேயே எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எர்சிலியாவின் மடியில் குழந்தை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது. பத்தடி எடுத்து வைத்தால் போதும், நானும் அந்தக் காரில் இருந்திருப்பேன். வீம்பு. திரும்பி வந்துவிட்டேன்.

பதினொரு வருஷம் அப்படியே போனது. ஒரு வசந்தத்தில் எர்சிலியா செத்துப்போனாள். அடக்கத்துக்கு நேவியோ நடந்து வந்தான். பெற்ற மகன் எதிரே நிற்கிறான், என் வாயில் வந்தது இதுதான்: "கார் எங்கடா?"

"ரெண்டு தெரு தள்ளி நிக்குது. நீங்க சொன்ன மாதிரியே."

அழக்கூட இல்லை அவன். மண் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்த வருஷமே கம்பெனி தன் விலாசத்தை நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. எங்களைக் கேட்டா செய்தது? யாரும் பால்கனியில் நின்று சீழ்க்கை அடிக்கவில்லை. ஆறேழு வருஷம் கழித்து, கொரோனாவுக்காக எல்லோரும் முகமூடி போட்டுத் திரிந்த அந்த ஜனவரியில், பத்திரிகைக் கடை வாசலில் பிரிமோ என்னை மறித்தான்.

"படிச்சியா நாத்தோ? கல்யாணம் முடிஞ்சிருச்சு. நம்மாளும் பிரெஞ்சுக்காரனும் இனி ஒரே கம்பெனி. உன் பையன் வச்சிருந்தானே, அதுவும் நம்ம காராயிருச்சுடா. அன்னிக்கு நீ போர்த்தினது பொன்னாடைன்னு வச்சுக்க."

முகமூடிக்குள்ளே அவன் சிரிப்பது தெரிந்தது. கழுத்தைப் பிடிக்கலாமா என்று வந்தது. ஆனால் போர்வையை எடுத்துக்கொண்டு இறங்கினது நான்தானே.

வீட்டுக்கு வந்து என் காரை முற்றத்திலிருந்து தெருவுக்கு எடுத்தேன். அந்த இடத்தைப் பெருக்கினேன். எர்சிலியாவின் நோட்டைத் தேடி நேவியோவின் நம்பரை எடுத்துப் போட்டேன்.

"நான்தான்டா, அப்பா. ஞாயித்துக்கிழமை வாடா. காத்யாவையும் பாப்பாவையும் கூட்டிட்டு வா. காரை முத்தத்திலேயே விடு, என் இடத்தைக் காலி பண்ணி வச்சிருக்கேன்."

அவன் கேட்டான்: "பேப்பர் பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தேன்" என்றேன்.

"அம்மா போனப்பகூட வீட்டுக்கு வான்னு கூப்பிடலை. பாப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கூப்பிடலை. கம்பெனிக்காரங்க ரெண்டு பேரும் ராசியானதும் கூப்பிடுறீங்க."

"பாப்பாவுக்கு என்னடா?"

"இப்ப நல்லாயிருக்கா. பதினெட்டு வயசு. உடம்பைப் பாத்துக்கங்க அப்பா." வைத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு கத்தரிக்காயை நானே அடைத்தேன், பாதி கருகியது. பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு மருந்துக்கடை முனையில் போய் நின்றேன். அதற்கடுத்த ஞாயிறும் நின்றேன். மூன்றாவது ஞாயிறு மருந்துக்கடைக்காரி வெளியே வந்தாள்.

"பெரியவரே, குளிர்ல யாருக்காக நிக்கிறீங்க?"

"மகனுக்கு. கார்ல வருவான்."

"உள்ள வந்து உக்காருங்க. என்ன கார்னு சொல்லுங்க, வந்தா நான் பாத்துச் சொல்றேன்."

அந்தப் பழைய கார் இன்னும் அவனிடம் இருக்குமா? இப்போது என்ன கார் வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது.