போடியில் நின்ற ரயில்

தேனி நுகர்வோர் கோர்ட்டில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ரயில்வே வக்கீல் எழுந்து, "தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. போடியில் யாரோ ஒருவர் அபாயச் சங்கிலியை இழுத்துவிட்டார்" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

என் மகள் பவித்ராவுக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அரசாங்க வேலை கைக்கு வந்த மாதிரிதான். மதுரை போய் அங்கே சென்னை ரயிலைப் பிடிக்கவேண்டும். போடியில் கிளம்பிய வண்டி பிளாட்பாரத்தைத் தாண்டுவதற்குள் நின்றது, நின்றது நின்றதுதான். மதுரையில் இறங்கி ஓடினால், சென்னை ரயில் கண்ணெதிரே போகிறது. தீபாவளிக் கூட்டம், பஸ்சிலும் இடமில்லை. மறுநாள் போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

நஷ்டஈடு கிடைத்தால் மறுபடி கோச்சிங்கில் சேர்க்கலாம். இல்லையென்றால் என்னைப்போல மலையேறி ஏலக்காய் பறிக்கத்தான் போகவேண்டும். வயிறு எரியாதா?

"எந்தக் கட்டையில போறவன்யா அது? எம்புள்ள பொழப்பக் கெடுத்தவன் நாசமாப் போக!" என்று கத்திவிட்டேன். நீதிபதி அதட்டி உட்காரவைத்தார்.

அடுத்து எங்கள் சாட்சி, என் தம்பி காசிமாயன். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை. ரயில் எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்லத்தான் கூட்டிவந்திருந்தேன்.

"சங்கிலியை இழுத்தது யாருன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார் ரயில்வே வக்கீல்.

தம்பி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். பவித்ரா என் கையை இறுகப் பிடித்தாள். "பாக்கலைன்னு சொல்லு மாமா" என்று அவள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

"நாந்தாங்க இழுத்தேன்" என்றான் தம்பி. "மெட்டுல ஜீப்பு மாட்டிக்கிருச்சு. வெரசா ஓடியாந்தும் வண்டி நகந்துருச்சு. கடேசிப் பெட்டியில தொத்தி ஏறி இழுத்துப்புட்டேன். தாய்மாமன் திருநீறு பூசாம புள்ளைய அனுப்பலாமாங்க?"

எங்கள் வகையறாவில் அப்படித்தான். பெண்பிள்ளை நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் தாய்மாமன் கையால் திருநீறு பூசாமல் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அன்றைக்கு அவன் எங்கள் பெட்டிக்கு ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கைநீட்டிப் பூசியபோது, 'சாமியே வண்டிய நிறுத்திருச்சுடா' என்று பூரித்துப்போனவள் நான்.

வக்கீல் முகத்தில் சிரிப்பு. "சொந்தத் தாய்மாமனே இழுத்திருக்கார்! மனுவைத் தள்ளுபடி செய்யணும். இவர்மேல் போலீசில் தனியாக வழக்குப் போடணும்."

போலீஸ் என்றதும் என் கோபமெல்லாம் எங்கே போனதோ! துள்ளி எழுந்தேன்.

"அய்யா, நாந்தான் போன்ல சொன்னேன். சங்கிலிய இழுத்தாச்சும் வந்து சேருடான்னு. அவன விட்டுட்டு எம்மேல கேச எழுதுங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

"நஷ்டஈடு கேட்டு மனு போட்டதும் நீங்கதானேம்மா?" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா."

மனு தள்ளுபடியானது. தம்பி மேல் கேஸ் வருமா என்று அப்போது தெரியவில்லை. வெளியே வந்ததும் அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பவித்ரா அவன் கையைப் பிடித்து இறக்கினாள்.

"விடு மாமா. காலையில எஸ்டேட் ஜீப்பு எத்தன மணிக்கு?"

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"அஞ்சரைக்கு, ஆத்தா" என்று நான்தான் சொன்னேன்.