கேப்டனின் பட்டினி

பெரிய ஏரிக்கரை ஊரான துலூத்தில் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு இரண்டு வாசல். இடப்பக்கம் நாயும் பூனையும், அது என் கூட்டாளி டாக்டர் வெர்னனுடையது. வலப்பக்கம் முயல், கினிப்பன்றி, ஆமை, ஓணான், கிளி, அது என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக வெர்னன் என் பக்கத்தை மிருகக்காட்சிசாலை என்கிறான். நானும் சும்மா விடுவதில்லை. நாய்க்கு வலித்தால் தெருவையே கூட்டிச் சொல்லிவிடும், முயல் சாகிற அன்று கூட ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் மூளை வேண்டும் என்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. போன பிப்ரவரியில் அதற்குச் சரியான அடி விழுந்தது.

ஹார்லன் டோஸ்ட்ரூட் ஏரிக் கப்பல்களில் நாற்பது வருடம் சமைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் ஒரு சாம்பல் நிற முயலும்தான். முயலின் பெயர் கேப்டன். ஆயுசு முழுக்கக் கேப்டன்களிடம் திட்டு வாங்கிப் பழகிவிட்டது, ஒரு கேப்டனாவது பக்கத்தில் இல்லாவிட்டால் கை ஓடவில்லை என்று காரணம் சொல்வார். கேப்டனுக்குக் கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கைக் குத்தியது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவிவிட வேண்டும். முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இனி சில மாதங்களுக்கு ஒரு முறை இந்த வேலை இருக்கும். அதுதான் முதல் தடவை.

காலை பத்து மணிக்குள் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கேப்டன் கண் விழித்ததும் ஹார்லனை உள்ளே கூப்பிட்டேன்.

"பசியில இருப்பான், பாவம்," என்றார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு புல்லு கூடக் குடுக்கல. நீங்க எழுதிக் குடுத்தபடியே."

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முந்தின இரவிலிருந்து உணவு கூடாது என்று அச்சடித்து வெர்னன் நாய்களுக்குக் கொடுக்கிற தாள் அது. மேலே 'கேப்டன்' என்று எழுதியிருந்தது என் கையெழுத்து. யாரோ ஒருவருடைய ஓணானைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டே பக்கத்து அடுக்கிலிருந்து உருவிக் கொடுத்திருக்கிறேன். காலையிலாவது சாப்பிட்டானா என்று கேட்டிருக்க வேண்டும். எப்போதும் கேட்பேன். அன்று கேட்கவில்லை.

மயக்கத்தில் நாய் வாந்தி எடுத்துவிடும் என்றுதான் அதைப் பட்டினி போடுகிறோம், முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் பட்டினி போடத் தேவையே இல்லை. போட்டால் குடல் நின்றுவிடும். நின்ற குடல் மறுபடி ஓடாவிட்டால் முயல் பிழைக்காது. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஹார்லன் தாளை வாங்கி மடித்தார். "சரி. இப்ப என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டார்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். வலிக்கு ஊசி, தோலுக்கடியில் திரவம், எக்ஸ்ரே. அடைப்பு இல்லை, ஆனால் குடல் அசையவும் இல்லை. கரைத்த தீவனத்தைக் குழலில் ஊட்டினால் கேப்டன் அதை என் மேலங்கியிலேயே வழியவிட்டான். வைக்கோல், கீரை, வாழைப்பழத் துண்டு, எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு புழுக்கை விழுந்தால் போதும், குடல் ஓடுகிறது என்று அர்த்தம். மூன்று மணி வரைக்கும் தரையில் அவனுக்கு விரித்த துணி சுத்தமாகவே இருந்தது. சுத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிற தொழில் இது ஒன்றுதான்.

கேப்டன் தொடாத வாழைப்பழத்தை ஹார்லன் திரும்பத் திரும்பப் பார்ப்பதை அப்போதுதான் கவனித்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லக் கூச்சப்பட்டார்.

"அவன் பட்டினி கெடக்கறப்போ நான் மட்டும் முட்டை பொரிச்சுத் தின்னா நல்லாவா இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுபத்தொரு வயதில் இதென்ன விரதம் என்று திட்டி, என் மதியச் சாப்பாட்டு டப்பாவை அவர் மடியில் வைத்தேன். சமைக்காத கொத்தமல்லித் தழையும் கீரையுமாக இருந்தது. மாலுமிகளிடம் இதை நீட்டியிருந்தால் என்னை ஏரியில் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று முனகிக்கொண்டே, கேப்டனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மென்று தின்ன ஆரம்பித்தார்.

இரண்டாவது வாய் மென்றபோது கேப்டனின் மூக்கு அசைந்தது. முயல்கள் கூட்டமாக மேய்கிறவை. ஒன்று மெல்லும் சத்தம் கேட்டால் மற்றது தலை தூக்கும். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற எனக்கு அன்று முழுக்க அது தோன்றவில்லை. "நிறுத்தாதீங்க," என்றேன். ஹார்லன் மாடு மாதிரி மென்றார். கேப்டன் தத்தித் தத்தி வந்து, அவர் வாயோரம் தொங்கிய கொத்தமல்லித் தண்டை இழுத்துத் தின்றான்.

ஐந்தரை மணிக்கு முதல் புழுக்கை விழுந்தது. பட்டாணி அளவுதான். வீட்டுக்குக் கிளம்பாமல் கதவருகே நின்றிருந்த வெர்னன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, கேலி ஒன்றும் செய்யாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

இருட்டுகிற நேரத்தில் கேப்டனைக் கூடையில் வைத்துக் கொடுத்தேன். இனி வேறு டாக்டரைப் பார்க்க விரும்பினால் நானே நல்லவராகப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஹார்லன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த தடவ தாளெல்லாம் வேண்டாம், டாக்டர். வாயால சொல்லிடுங்க. அது போதும்."

அடுத்த தடவை என்றார். அவர் வண்டி பனியில் திரும்பிப் போகும்வரை வாசலில் நின்று அழுதேன்.