விலை இன்னும் இறங்கவில்லை

என் கணவருக்கு அவருடைய அக்கா வைத்த பெயர் இறங்குமுகம். எந்தப் பொருளாக இருந்தாலும் விலை இறங்காமல் வாங்கமாட்டார். போனில் பொருளைத் தேடிப் பிடித்து, 'இந்த விலைக்குக் கீழே வந்தால் எனக்குச் சொல்' என்று ஒரு எண்ணைப் போட்டு அலர்ட் வைத்துவிடுவார். அது 'டிங்' என்று கூப்பிடும் வரை அசையமாட்டார். எங்கள் வீட்டு மிக்ஸி நாலு மாதம் கழித்து வந்தது. மழைக்கோட்டு, மழை ஓய்ந்த மறுநாள் வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று "பதறாதீங்க, பதறாதீங்க" என்று சொல்லியே பழகியவர். காத்திருப்பது ஒரு கஷ்டம் என்பதே அவருக்கு மறந்து போயிருக்க வேண்டும்.

அதனால், எனக்கு ஒரு பெரிய சக்கரப் பெட்டியும் இன்னும் மூன்று சின்னச் சாமான்களும் வேண்டும் என்றதும் அவர் அலர்ட் போட்டதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். புதிதாக ஸ்கேன் மெஷின் வரப்போகிறது. அதைக் கற்றுக்கொள்ள ஒருவரை வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எட்டு மாதம் அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்று கடிதம் வந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். பக்கத்து வீடு, எதிர் வீடு, தண்ணீர் கேன் போடுகிறவர், ஒருவரையும் விடவில்லை. "என் வீட்டுக்காரி இனிமே மனுஷனை உள்ளுக்குள்ள துண்டு துண்டா பார்ப்பா, ஜாக்கிரதை" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அது ஆறு வாரத்துக்கு முன்னால். இப்போது புதன்கிழமை. வருகிற திங்கள் காலை ஒன்பது மணிக்கு நான் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்கு.

"ஏங்க, பெட்டி?"

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே பதில் சொன்னார். "இன்னும் இறங்கலைம்மா. ஐயாயிரத்து இருநூறுலயே நிக்குது. நாலாயிரத்துக்கு அலர்ட் போட்டிருக்கேன். வாரக் கடைசில விழும் பாரு."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க."

"போன வாரம் வேற வாரம்."

லேஸ் கட்டி முடித்த பிறகும் அவர் தலை நிமிரவில்லை. அங்கேதான் எனக்கு முதல் முள் குத்தியது. யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாகவே போனைக் கவிழ்த்து வைக்கிறார். அதில் என்ன சத்தம் வந்தாலும் பால்கனிக்குப் போய்விடுகிறார். திங்கட்கிழமை என்று நான் வாயெடுத்தால் மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார், அது என்னவோ கழன்று விழப்போகிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் ஊசி அக்காவிடம் புலம்பினேன். ஊசி போடுகிற நர்ஸ்; அவளுக்கு இந்த ஆன்லைன் வியாபாரம் அத்தனையும் தலைகீழ்ப் பாடம்.

"எந்தப் பெட்டி? காட்டு." தன் போனில் எதையோ தட்டினாள். விலை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று ஒரு கோடு மலையும் பள்ளமுமாக ஓடியது. "ஏன்டி, இங்க பாரு. மூணு வாரத்துக்கு முன்னாடி மூவாயிரத்து எண்ணூறு. போன வெள்ளிக்கிழமை மூவாயிரத்து அறுநூறு. இதுக்கும் கீழ இறங்கணும்னா பெட்டி தரைக்குள்ளதான் போகணும்."

"நாலாயிரத்துக்கு அலர்ட் போட்டிருக்கேன்னு சொன்னாரே."

"அப்ப ரெண்டு தடவை அடிச்சிருக்கும்." அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன் காதுல நல்லா பூ சுத்தியிருக்காருடி."

அன்று எடுத்த எக்ஸ்ரேக்களில் இரண்டைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. மூச்சை அடக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

கையில் பணம் இல்லையோ? சம்பளம் வந்ததே. யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாரோ? கடைசியில் என் சந்தேகம் எங்கள் கீழ் வீட்டில் போய் நின்றது. அங்கேதான் அண்ணி இருக்கிறார், என் கணவரின் அக்கா. கடிதம் வந்த அன்று அவர் சொன்ன முதல் வார்த்தை, "எட்டு மாசமா? அவன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?" என்பது. அது என் காதிலேயே தங்கியிருந்தது.

சாயங்காலம் மாடிக்கு ஏறாமல் நேராக அண்ணி வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் பள்ளிச் சீருடை தைப்பவர். உதட்டில் நாலு குண்டூசி, மடியில் ஒரு காக்கி அரைக்கால் சட்டை.

"அண்ணி, நான் போறது பத்தி அவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"சொன்னேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "என்ன சொன்னீங்க?"

அண்ணி குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னப் பஞ்சுத் திண்டில் குத்தினார். "என்கிட்ட ஒரு பெட்டி சும்மா கிடக்கு, எடுத்துட்டுப் போடா, அவளுக்கு ஆகும்னு சொன்னேன். போன மாசமே. சக்கரம் ஆடுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். பத்து மாடி லிஃப்டையே தூக்கி நிறுத்துறவனுக்கு ஒரு பெட்டிச் சக்கரம் மாட்ட வராதா?"

அண்ணியின் கண் சுருங்கியது.

"நில்லு. நான் ஏதோ தடுத்துட்டேன்னு நினைச்சா வந்த?"

"இல்ல அண்ணி..."

"ஆமா அண்ணின்னு உன் மூஞ்சியே சொல்லுது. அடிப்பாவி! சோத்துக்கு என்ன பண்ணுவான்னு கேட்டேன். போகாதேன்னு எங்கடி சொன்னேன்?" அரைக்கால் சட்டையை உதறிப் போட்டுவிட்டு எழுந்தார். "வா, மேல போலாம். இன்னிக்கு எனக்கே தெரிஞ்சாகணும்."

என் கணவர் வேலை முடிந்து வந்தபோது நாங்கள் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போனைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"குடுடா" என்றார் அண்ணி.

கொடுத்தார். அலர்ட் பட்டியலைத் திறந்தேன். நான் கேட்ட நாலும் வரிசையாக இருந்தன. வெந்நீர் பிளாஸ்க், பூட்டு, கட்டில் விரிப்பு, பெட்டி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் போட்டு வைத்த விலை. பிளாஸ்க்குக்குப் பத்து ரூபாய். பூட்டுக்கு ஐந்து. விரிப்புக்கு இருபது. பெட்டிக்கு நாற்பது.

நாற்பது. அதற்குப் பெட்டியின் கைப்பிடிகூட வராது. தேதியைப் பார்த்தேன். நாலுமே கடிதம் வந்த அன்று போட்டவை. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாரே, அதே நாள்.

"கை தவறிப் போட்டீங்களா?"

"இல்ல."

"நாலாயிரம்னு என்கிட்ட சொன்னது?"

"பொய்." பையை அப்போதுதான் கீழே வைத்தார். "போகாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. சொல்லவும் மாட்டேன். அலர்ட் வரலைன்னா அது மெஷின் குத்தம், என் குத்தம் இல்லைன்னு..."

"சின்னக் குழந்தையாடா நீ?" என்றார் அண்ணி.

"நான் திரும்பி வரமாட்டேன்னு சந்தேகமா?"

"வருவ. ஆனா அங்க பெரிய ஆஸ்பத்திரி. உன் கைவேலையைப் பார்த்தா இங்கயே இருந்துடுங்கன்னு கேப்பாங்க. நீ எனக்குப் போன் பண்ணி, என்னங்க பண்ணட்டும்னு கேப்ப. நான் சரி, இருன்னு சொல்லிடுவேன். எனக்கு வேற என்ன சொல்ல வருது? லிஃப்டுக்குள்ள மாட்டினவன்கிட்டகூட எல்லாம் சரியாயிடும்னுதானே சொல்றேன்."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் இன்னும் இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது அவர் தலையைச் சாய்த்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒண்ணு கேக்கவா? உங்க ஆஸ்பத்திரி எதிர்ல வரிசையா பை, பெட்டி விக்கிற கடைங்க. தினம் ரெண்டு வேளை அந்த வழியாதான் போற. ஆறு வாரமா நீ ஏன் ஒரு பெட்டி வாங்கலை?"

"நீங்க அலர்ட் போட்டிருக்கீங்கன்னுதான்."

"அதான் காரணமா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தினமும் அவர் 'இன்னும் இறங்கலை' என்றபோதெல்லாம் எனக்குள் எதுவோ லேசாகத் தளர்ந்ததே, அது என்ன? பணம் மிச்சமாகிறது என்ற நிம்மதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதையும் நம்ப முடியவில்லை. புது ஊர், புது மெஷின், முப்பத்திரண்டு வயதில் மறுபடி மாணவி. அவருடைய நாற்பது ரூபாய்க்குள் நானும் சௌகரியமாக ஒளிந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"சரியாப் போச்சு" என்றார் அண்ணி. "ரெண்டும் திருட்டு முழி முழிக்குது."

"எனக்கும் பயமாதான் இருக்கு" என்றேன். "பயத்தோடயே போறேன். நீங்களும் பயத்தோடயே இருங்க. அங்க இருந்துடுன்னு யாராவது கேட்டா, உங்ககிட்ட கேப்பேன். அப்ப சரின்னு சொல்லாம, நிஜமா உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லணும். முடியுமா?"

"கத்துக்கிறேன். எட்டு மாசம் இருக்கே."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவரே அலர்ட்டை அழித்துவிட்டுப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தார். "ஐயோ, ஐயாயிரத்து அறுநூறு! ஏறிடுச்சு!" என்று பதறினார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். என் கணவரின் விரல் பட்டனுக்கு மேல் ஒரு நொடி நின்றது, பிறகு அழுத்தியது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடும் என்று பதில் வந்தது.

நான் மறுபடி கையை நீட்டினேன். "சனிக்கிழமை வரைக்கும் வீட்டுல இருக்கும்போது போன் என்கிட்டதான் இருக்கும்."

"ஏன்?"

"கேன்சல்னு ஒரு பட்டன் இருக்கு."

"அவ்வளவு நம்பிக்கையா?"

"பெட்டி கைக்கு வரட்டும், பேசலாம்."

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். எனக்கு ரொம்பச் சிரிப்பு வரவில்லை. அண்ணி கீழே இறங்கிப் போனதும் மிச்ச மூன்றையும் நானே ஆர்டர் செய்தேன். பிளாஸ்க், பூட்டு. விரிப்பு என்ன அளவு என்று கேட்டது. பெரியதைத் தொட்டேன்.

அவர் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "அங்க விடுதில ஒத்தைக் கட்டில்தானே?"

"விடுதி வேணாம்னு எழுதப் போறேன். சின்னதா ஒரு ரூம் பார்த்துக்கலாம். வாராவாரம் சனிக்கிழமை வேலை முடிஞ்சு பஸ் ஏறினா எத்தனை மணிக்கு வந்து சேருவீங்க?"

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விட்டு மணி எண்ண ஆரம்பித்தார்.