கேட்டைத் தாண்டிய ஓசன்னா

குருத்தோலை ஞாயிறு அன்று விடியும் முன்பே சாராளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இயேசு ராஜாவாக எருசலேமுக்குள் வந்ததை நினைத்து, ஓலையோடு தெருவில் பாடிப் போகும் நாள் அது. போன வாரம் மணிகண்டன் நான்கு பேரோடு சர்ச் கேட்டுக்கு வந்து, "ஓலைய புடிச்சிக்கினு தெருவுல பாடிக்கினு வந்தீங்க, அப்புறம் நடக்கறதே வேற" என்று மிரட்டிவிட்டுப் போயிருந்தான். புதுவாயல் முனையில் இட்லி, தோசை என்று நாஷ்டா கடை வைத்திருக்கும் பூவம்மாளின் மகன். சாராள் பார்க்க வளர்ந்த பிள்ளைதான். ஆனால் மிரட்டல் மிரட்டல்தானே.

"ஆண்டவரே, ஒரு மழைய அனுப்புங்கப்பா. நாங்க உள்ளாறவே இருந்துக்கறோம்" என்று ஜெபித்துப் பார்த்தாள். ஆண்டவர் சுள்ளென்று வெயிலை அனுப்பினார்.

ஆராதனைக்குப் பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள். "கேட்டுக்குள்ளாறவே சுத்திக்கலாமா?" என்று பாஸ்டர் மெல்லக் கேட்டார். எல்லாரும் சாராளைப் பார்த்தார்கள். பதினோரு வருடமாகப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

"ராஜாவ காம்பவுண்டுக்குள்ளயே சுத்த வெச்சி அனுப்பிடலாமா பாஸ்டர்? வெளிய போலாம்" என்று வாய் சொல்லிவிட்டது. ஆனால் கேட்டருகே வந்ததும் நின்றுவிட்டாள். நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்த அவள் கணவன் யேசுதாஸ், "நட, நான் கூடவே வர்றேன்" என்றான்.

முனையில் பைக்கைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றான் மணிகண்டன். பின்னால் பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றுபோனது. திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது சாராளுக்கு. ஓடவில்லை. 'நீங்க இருக்கீங்க இல்ல?' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு, பிசிறிய குரலில் தனியாக "ஓசன்னா" பாடிக்கொண்டே நடந்தாள்.

வருடா வருடம் அந்த இடத்தில் பூவம்மாளுக்கு ஓலையில் மடித்த சிலுவை ஒன்றைக் கொடுப்பாள். பயத்தில் ஆள் மாறிப் போனது. அம்மாவிடம் நீட்ட வேண்டியதை மகனிடம் நீட்டிவிட்டாள்.

மணிகண்டனுக்கும் யோசிக்க நேரமில்லை. கோயிலில் கொடுப்பதை வாங்கிப் பழகிய கை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஒற்றிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கூட நின்றவன் களுக்கென்று சிரித்தான். இட்லித் தட்டோடு நின்ற பூவம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அதான் கும்புட்டாச்சி இல்ல? வண்டிய எடுடா, காலங்காத்தால பேஜாரு பண்ணாம!"

"போங்கக்கா, சீக்கிரம் போங்க" என்று முகத்தைக் காட்டாமல் பைக்கைத் தள்ளினான் அவன். சிலுவையைக் கீழே போட மனசு வராமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

சாராளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தொண்டையைச் செருமி, பாட்டின் அடுத்த அடியை ஓங்கி எடுத்தாள். பின்னால் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஆராதனைக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்கள்கூட, ஓலை இல்லாத வெறுங்கையைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.