பட்டி பார்த்த முன்கம்பம்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு மவுண்ட் ஐசாவுக்குத் திரும்பிய நோலீனுக்கு, தம்பி கெல்வினோடு சேர்ந்து நடத்தும் டிரெய்லர் பட்டறைக்குள் கால் வைத்ததுமே அருவருப்பாக இருந்தது. நடுவில் நின்ற படகு டிரெய்லருக்குக் கெல்வின் பளபளவென்று வெள்ளி நிறச் சக்கரங்களை மாட்டி வைத்திருந்தான்.

வடக்கே செம்மண் ரோட்டில் பர்க்டவுன் வரை போகும் வண்டிக்கு யாராவது இதை மாட்டுவார்களா? இழுக்கும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் ஒரே சக்கரம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

"எப்படி இருக்கு? கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல?" என்று கெல்வின் இளித்தான்.

"வாந்தி வருது. இது என்ன, ஆத்தங்கரை வரைக்கும் தார் ரோட்டுல போற டிரெய்லரா? முன்கம்பத்தை என்ன பண்ணின?"

"நீட்டினேன். சொன்னியே."

கரடுமுரடான பாதைக்கு, வண்டியோடு கோக்கும் அந்த முன்கம்பம் நீளமாக இருக்க வேண்டும். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரே இரும்பில் புதிதாகப் போடு என்று போகும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தாள். டிங், டிங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொம்மென்று கேட்டது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாள். வெள்ளிப் பெயிண்ட் உரிந்து, அடியில் பள்ளத்தை மறைக்கப் பூசியிருந்த பட்டி மாவாக உதிர்ந்தது. அதற்கும் அடியில், கம்பத்தின் குறுக்கே நேர்கோடாக ஒரு வெல்டிங். இரும்பின் மேலிருந்த துத்தநாகப் பூச்சைக்கூடத் தேய்த்து எடுக்காமல் பற்றவைத்திருந்ததால், பொரித்த அப்பளம் போலக் கொப்புளமாக இருந்தது.

"துண்டு இரும்பை ஒட்டுப் போட்டியா? அதுவும் குறுக்காலயா? செம்மண் ரோட்டுல நூறு கிலோமீட்டர் குலுங்கினா அந்தக் கோட்டுலயே விண்டு போகும்டா! இதை வாங்கப் போற டெஸ்மண்ட் தன் ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போறான்!"

"கத்தாத. அது உடையறப்போ அவன் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பான். ரோடு சரியில்லன்னு ரோட்டைத் திட்டுவான், இல்லன்னா வேகமா ஓட்டிட்டேன்னு தன்னையே திட்டிக்குவான். எவனாவது பட்டறையைத் திட்டி இதுவரைக்கும் பார்த்திருக்கியா?"

அவன் சொன்னது உண்மை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வாசலில் டெஸ்மண்டின் வண்டி வந்து நின்றது. டிரெய்லரைப் பார்த்ததும் பள்ளிக்கூட வாத்தியாரான அவன் முகம் பூவாக மலர்ந்தது.

"அடேங்கப்பா! நோலீன், நீ கவலையே படாத. அறுபதுக்கு மேல தொடவே மாட்டேன். எங்க அக்கா புருஷன் கேரத் மாதிரி முட்டாள்தனம் பண்ண மாட்டேன்."

"கேரத்தா?"

"போன வருஷம் இதே ரோட்டுல அவன் டிரெய்லர் ரெண்டா போயி, வண்டி குட்டிக்கரணம் அடிச்சுதே. நல்லவேளை, உயிர் பிழைச்சாங்க. நீதான் அவனைப் பிடிச்சுக் கிழிச்சியாமே, பேய் மாதிரி ஓட்டினதாலதான் உடைஞ்சுதுன்னு. இல்லவே இல்லன்னு அழுதான், பாவம். எங்க அக்கா இன்னைக்கு வரைக்கும் அவன் வண்டியில ஏறல."

நோலீன் மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். கேரத்தின் டிரெய்லரையும் அவன்தான் செய்திருந்தான். உடைந்து வந்ததை அவள் பார்க்கும் முன்பே காயலான் கடைக்குத் தள்ளிவிட்டவனும் அவன்தான். கெல்வின் உதிர்ந்து கிடந்த பட்டி மாவைக் காலால் ஓரமாகத் தள்ளினான். கேரத்தைத் திட்டிய தன் வாய் மேலேயே அவளுக்கு அருவருப்பு பொங்கியது.

கட்டிங் மெஷினை எடுத்துச் சுவிட்சைத் தட்டினாள்.

"ஐயோ, பைத்தியமா உனக்கு?" என்று கெல்வின் பாய்ந்து வந்தான். அவள் நிறுத்தவில்லை. தீப்பொறியோடு வெள்ளைத் தூசியும் பறக்க, முன்கம்பம் தரையில் விழுந்தது. வாய் பிளந்து நின்ற டெஸ்மண்டின் காலடிக்கு, ஒட்டுப் போட்ட இடம் தெரியும்படி அந்தத் துண்டை உருட்டிவிட்டாள்.

"இதைத் தூக்கி வண்டியில போடு. என்னையும் உங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள். "கேரத் வேகமா ஓட்டலன்னு அவ முன்னாடி நான் சொல்லணும்."