இரண்டு உதறு

"இந்த இடத்துல மூணு வருஷமா ஒரு விபத்துகூட இல்லையேம்மா," என்றார் சாலைப் பொறியாளர். பாராட்டுகிற குரலில்தான் சொன்னார்.

தையல்காரி பக்கத்தில் இருந்த டிரில் மாஸ்டரைப் பார்த்தாள். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு விசில் ஊதி அதட்ட ஆள் கிடைக்காமல் சாலைப் பாதுகாப்புக் குழு ஆரம்பித்தவர் அவர். குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் இரண்டு வருடமாக மனு கொடுத்துக் கொடுத்து அந்த அலுவலகத்தின் படிக்கட்டுகளை எண்ணி வைத்திருந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று. வளைவுக்குப் பக்கத்தில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஜனங்கள் சாலையைக் கடக்க ஒரு சிக்னல்.

"என் வீட்டுக்காரர் அங்கதான் சார் போனாரு," என்றாள்.

"எப்போ?"

"நாலு வருஷம் ஆச்சு."

"அது சேராதும்மா. விதி என்னன்னா, மூணு வருஷத்துக்குள்ள ஒரு சாவு. இல்லன்னா மூணு பலத்த காயம். உங்க இடத்துல சுத்தமா ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்குக் காரணமே இவங்கதான் சார்," என்றார் மாஸ்டர். "தினமும் ரோட்டு நடுவுல நின்னு எல்லாரையும் தாண்ட வைக்கிறாங்க."

பொறியாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல விஷயம்மா. நின்னுக்கிட்டே இருங்க," என்று சொல்லி அடுத்த கோப்பை எடுத்தார்.

நின்றுகொண்டே இருக்க அவளுக்கும் ஆசைதான். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் இப்படி நின்றால் அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் வந்துவிட்டால் அவள் உட்கார்ந்துவிடலாம். அது வராமல் உட்கார்ந்தால் யாராவது போய்ச் சேருவார்கள். அவள் நிலைமை அதுதான்.

கணவன் போன அடுத்த மாதமே, வெட்டி மிஞ்சிய சிவப்புத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு, சாலை நடுவில் இருந்த சிமெண்ட் திட்டில் போய் ஏறினாள். காலையில் எட்டிலிருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. திட்டில் நின்றால்தான் வளைவுக்குப் பின்னால் வரும் லாரி தெரியும். ஓரத்தில் நிற்பவர் சாலை காலியாக இருக்கிறதென்று நம்பி இறங்குவார். பாதி தூரம் போனதும் லாரி வந்து தலைக்கு மேல் நிற்கும். அவள் கணவன் அப்படி நம்பி இறங்கியவன்தான். அதனால் எல்லாருக்கும் அவள் ஒரே பாடம் வைத்திருந்தாள்.

"ரோட்டைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க."

துணியை அசையாமல் நீட்டிப் பிடித்தால் நில் என்று அர்த்தம். இரண்டு உதறு உதறினால் போ. தைத்து முடித்த துணியை நூல் பிசிறு போகத் தையல்காரர்கள் சட் சட்டென்று இரண்டு உதறு உதறுவார்கள் அல்லவா, அதே உதறுதான். முப்பது வருடமாகக் கையில் ஊறியது. அதைத் தனியாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பாடத்தில் மக்கு என்று பேர் வாங்கியவன் ஒரு பம்ப் மெக்கானிக். அவனை எல்லாரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதும் ஒரு காலில் செருப்பு மாட்டியிருக்கும் ஆள். எட்டே முக்கால் பேருந்தைப் பிடிக்க நாலுகால் பாய்ச்சலில் சாலையில் விழுவான். அவனைத் திருத்த அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது. திட்டினாள், ஒருமுறை சட்டைக் காலரைப் பிடித்துத் திரும்ப இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நிறுத்தினாள். திருந்தியபின் அவனைப் போல ஒரு சீடன் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை ஒரு சைக்கிள்கூட இல்லாவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "ரோடு காலியாத்தானே இருக்கு, போயேன்," என்று யாராவது சொன்னால், "அக்கா உதறட்டும்," என்பான்.

அலுவலகத்திலிருந்து திரும்பியதும் குழு கூடியது. இரண்டு வாரம் கழித்து, மனுவுக்கு முறைப்படி ஆய்வு செய்ய ஓர் அதிகாரி வந்து ஐந்து நாள் உட்கார்ந்து பார்க்கப்போகிறார் என்று மாஸ்டர் சொன்னார்.

"அந்த அஞ்சு நாள் நீ நிக்கக் கூடாதும்மா."

"நிக்கலன்னா?"

"கஷ்டம் என்னன்னு அவங்க கண்ணால பார்க்கட்டும். நீ நின்னா, எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

குழுவில் ஒருவரான மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சின்னதா ஏதாவது ஒண்ணு நடந்தாக்கூடப் போதும்," என்றார். "பெருசா வேண்டாம். கை, கால் அந்த மாதிரி." நல்ல மனிதர்தான். அந்த அறையில் இருந்த எல்லாருமே நல்ல மனிதர்கள்தான். அவர் சொன்னதைக் கேட்காதவர்கள் போல எல்லாரும் டீயைக் குடித்தார்கள். அவளும் குடித்தாள். ஐந்து நாள்தானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள்.

அவள் வீடு அந்தச் சாலையிலேயே, இரும்புக் கடைக்கு மேல் மாடி. ஜன்னலை ஒட்டித் தையல் இயந்திரம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கால்கள் தாமாகவே படிக்கட்டுப் பக்கம் போயின. திருப்பிக்கொண்டு வந்து இயந்திரத்தில் உட்கார்ந்தாள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது சீருடைப் பாவாடை தைக்க வேண்டியிருந்தது. சிவப்புப் பாவாடை.

கீழே ஒரே கூச்சல். நாலு வருடம் அவளையே பார்த்துப் பழகிய ஜனங்களுக்குச் சாலையைப் பார்க்க மறந்துபோயிருந்தது. இறங்குவார்கள், பின்வாங்குவார்கள், பாதியில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். ஆய்வு அதிகாரி டீக்கடை நாற்காலியில் குடை விரித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவசரம் மட்டும் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எட்டே முக்கால் பேருந்து போனது, ஒன்பது மணிப் பேருந்தும் போனது. கடைசியில் வெறுத்துப்போய் ஒரு கிலோமீட்டர் நடந்து, பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை அவன் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான். அவள் இருந்தாள். போகட்டுமா என்று மோவாயால் கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடியிலிருந்து வளைவு இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஒரு வண்டியும் வரவில்லை. கைக்கு அகப்பட்ட பாவாடையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இரண்டு உதறு உதறினாள். அவன் ஒரு சலாம் போட்டுவிட்டு நிதானமாகத் தாண்டிப் போய்ப் பேருந்தில் ஏறினான். அன்று முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது. குழுவை ஏமாற்றிவிட்ட சந்தோஷம்.

புதன்கிழமை அதை மறந்துவிட்டாள்.

அவள் செய்த குற்றம் இந்த மறதிதான். முதல் நாள் இரவு முழங்கால் வலியில் தூக்கம் இல்லை. காலையில் தலை நிமிராமல் தைத்தாள். பதினோராவது பாவாடைக்குக் கடைசித் தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, எழுந்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிசிறு போக உதறினாள். சட், சட். கண் துணியில்தான் இருந்தது. தையல் ஒரு இடத்தில் சுருங்கியிருக்கிறதோ என்று பார்த்தாள்.

பிரேக் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

எட்டிப் பார்த்தபோது லாரி குறுக்காக நின்றிருந்தது. அவசரத்தின் டிபன் டப்பா திட்டுக்கு அந்தப் பக்கம் உருண்டுபோய்த் திறந்து கிடந்தது. ஆய்வு அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மணியைப் பார்த்து எழுதினார். அவள் பாவாடையை நாலாக மடித்து, மற்றப் பத்தின் மேல் வைத்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

டீக்கடைக்காரர் போலீசிடம் உள்ளதைச் சொன்னார். "நான் பார்த்தேன் சார். மேல பார்த்துக்கிட்டே இறங்கினாரு. ரோட்டைப் பார்க்கவே இல்ல." போலீஸ்காரர் அதை அழகு தமிழில் எழுதினார். இறந்தவர் வானத்தைப் பார்த்தபடி கவனக்குறைவாகச் சாலையில் இறங்கியதே விபத்துக்குக் காரணம். அவசரக்காரன் அவசரத்தில் செத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது. கேட்டவர்கள் பாவம் என்றார்கள், லேசாகச் சிரிக்கவும் செய்தார்கள். அந்தப் பெயர் அவனுக்கு அவ்வளவு பொருத்தமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மாஸ்டர் மாடிக்கு வந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். முடித்ததும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. காலையில ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லப்போறேன். அவன் கவனமாத்தான் சார் இருந்தான். என்னைப் பார்த்துட்டுத்தான் இறங்கினான்."

"சொல்லு. அவன் பேரு சுத்தமாயிடும்," என்றார். "ஆனா ஒண்ணு. சிக்னல் இல்லாததால நடந்த விபத்துன்னு இப்ப ஆய்வு ஃபைல்ல ஏறியிருக்கு. நீ துணி காட்டித்தான் நடந்ததுன்னு ஆயிட்டா, அந்த ஃபைலை அப்படியே மூடிடுவாங்க. உன்னைத் திட்டுல ஏறவும் விடமாட்டாங்க. அப்புறம் யார் நிப்பா?"

அவள் பாவாடை அடுக்கைச் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தாள்.

"போனவன் போயிட்டான்மா. வீணாப் போகக் கூடாது, அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு, படியில் பார்த்து மெதுவாக இறங்கிப் போனார்.

அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை காலை, ஆய்வு இனி தேவையில்லை என்று அதிகாரி குடையை மடித்துக்கொண்டு போனதும், திட்டில் ஏறி நின்றாள். சிவப்புத் துணியைத் தொட மனசு வரவில்லை. வெறுங்கையை நீட்டி நிறுத்தினாள், வெறுங்கையை உதறி அனுப்பினாள். ஜனங்களுக்கு அதுவும் உடனே புரிந்தது. நாலு மாதம் அப்படியே போனது. அவசரத்தின் மனைவி ஒரு நாளும் அந்தப் பக்கம் வரவில்லை. சாவு வீட்டுக்கும் தையல்காரி போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினாள். அது பொய்யும் இல்லை.

சிக்னல் வந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் குழு ஒரு பேனர் கட்டியது. அதில் அவசரத்தின் படம். கல்யாணத்தில் எடுத்தது போலிருக்கிறது, தலை படிய வாரியிருந்தான். 'தன்னுயிர் தந்து சிக்னல் பெற்றுத் தந்தவர்' என்று மாஸ்டர் எழுத வைத்திருந்தார். பொறியாளர் வந்தார், அதே மலர்ந்த முகத்தோடு. அவசரத்தின் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினார்கள். கம்பத்தில் இருந்த பொத்தானை அவள் அழுத்த வேண்டும் என்று ஏற்பாடு.

அவள் அழுத்துவதற்கு முன்னால் தையல்காரி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களைப் பத்தி வீட்டுல பேசாத நாளே இல்ல. அக்கா உதறாம நான் தாண்டவே மாட்டேன்னு சொல்லுவாரு."

தையல்காரி தலையை ஆட்டினாள்.

"வானத்தைப் பார்த்துக்கிட்டு இறங்கினாருன்னு எழுதியிருக்காங்க. வானத்துல அவருக்கு என்ன இருக்கு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா," என்று மாஸ்டர் குறுக்கே வந்தார். "பொத்தானை அழுத்து. வெளிச்சம் வரட்டும்."

அவள் அழுத்தினாள். வண்டிகளுக்குச் சிவப்பு விழுந்தது. எல்லா வண்டியும் வரிசையாக நின்றது. நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் எதிர்க்கம்பத்தில் எரிந்தான். யாரோ கை தட்டினார்கள். போங்க, போங்க என்று பொறியாளர் இரண்டு கையாலும் காட்டினார்.

ஒருவரும் இறங்கவில்லை.

ஓரத்தில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். பச்சை மனிதனை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் தையல்காரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விளக்குக்குப் பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. பதினெட்டு, பதினேழு. நேரம் முடியும்போது எவரும் பாதியில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பதற்றத்தில் அவள் கை தானாக எழுந்தது. வெறுங்கையால் இரண்டு உதறு உதறினாள்.

மொத்தக் கூட்டமும் இறங்கித் தாண்டியது. அவசரத்தின் மனைவி மட்டும் நகரவில்லை. உதறிய கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, இரும்புக் கடைக்கு மேலே, திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கட்டியிருந்த கொடியில், புதிதாகத் தைத்து அலசிப் போட்ட நாலைந்து சிவப்புப் பாவாடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"உங்க வீடு அதுதானாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றாள் தையல்காரி.