ஆடிப்போன ஷாட்

தொலைக்காட்சியில் நான் முதலில் பார்த்த வேலை கிளாப் பலகை தட்டுவது. பிறகு நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் உதவி இயக்குநர். எல்லாம் சேர்த்துப் பதினாறு வருடம். ஒருவழியாக ஒரு காமெடித் தொடரின் முதல் பகுதியை என்னை நம்பிக் கொடுத்தார்கள். நிகழ்ச்சித் தலைவிக்குப் பிடித்தால் நான் இயக்குநர். பிடிக்காவிட்டால் மறுபடியும் பலகை.

"உங்க ஜோக்குக்கு வீட்லயே யாரும் சிரிக்கிறதில்ல," என்று வாழ்த்தி அனுப்பினாள் மனைவி.

எங்கள் கேமராமேனுக்கு நிலையத்தில் உம்மணாமூஞ்சி என்று பெயர். முப்பது வருடமாகக் காமெடி எடுக்கிறார், ஒருநாளும் சிரித்ததில்லை. அதற்காகவே அவரைக் கேட்டு வாங்குவார்கள். கேமராவைத் தோளில் வைத்திருப்பவர் சிரித்தால் படம் ஆடிவிடும்.

அன்றைய காட்சியில் ஒரு மேனேஜர், ஊழியரை வேலையைவிட்டு நீக்குவதற்குக் காலி நாற்காலியிடம் ஒத்திகை பார்க்கிறார். பேசப் பேச மனசு கேட்காமல் நாற்காலிக்குக் கைக்குட்டை நீட்டி, கடைசியில் சம்பள உயர்வும் கொடுத்துவிடுகிறார். நடிகர் பிரமாதப்படுத்தினார். படம்தான் கிடுகிடுவென்று ஆடியது.

"என்னண்ணே ஆச்சு?"

"தோள் வலிப்பா. இன்னொரு தடவ எடுத்துடலாம்."

அதுவும் ஆடியது. அதற்குள் செய்திப் பிரிவுக்காரர்கள் படப்பிடிப்புத் தளத்தைக் கேட்டு வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஆடிய ஷாட்டையே ஒட்டினேன். மனுஷன் என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார் என்று அவர்மேல் அப்படியொரு ஆத்திரம்.

மறுநாள் தலைவி அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். "இது ஏன் இப்படி ஆடுது?"

நான் முந்திக்கொண்டு சொன்னேன். "கேமராமேனுக்குத் தோள் வலி மேடம்."

அவரையே கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் வந்து தலையைக் குனிந்து நின்றார்.

"வலியெல்லாம் இல்ல மேடம். சிரிச்சுட்டேன்."

"யாரு, நீங்களா?"

"ஆமா மேடம். ரெண்டு தடவையும். மன்னிச்சுக்கோங்க."

தலைவி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முன்னாலிருந்த ஃபைலை மூடினார். "அடுத்த பகுதியிலேருந்து கேமராவ ஸ்டாண்டுல மாட்டிடுங்க."

அடுத்த பகுதி! வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பதினாறு வருடத்துப் பாரம் இறங்கிவிட்டது. கண்கூடக் கலங்கியது.

"நேத்தே சொல்லியிருக்கலாமேண்ணே! ராத்திரி பூரா உங்களத் திட்டித் தீர்த்தேன்."

"எப்படிப்பா சொல்றது?" அண்ணன் பழையபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமா காப்பாத்துன பேராச்சே."